காலிக் குழாயின் துடிப்பு

வால்வை மூடி, மாதிரிக் குழாயை வடித்துக் காலியாக்கிய பிறகும் முள் ஆடியது.

காற்றாக இருக்கும் என்று தொட்டி மேற்பார்வையாளர் தேவ்ஷி முதலில் நினைத்தார். காண்ட்லா துறைமுகத்தின் டிசம்பர் காற்று உப்பளங்களைத் தாண்டி வரும்போதே ஈரத்தையெல்லாம் தொலைத்துவிட்டு, தகரக் கொட்டகையின் இடுக்குகளில் விசிலடித்து நுழைந்து, உதட்டை வெடிக்க வைத்து, கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொரியவும் வைக்கும். ஆனால் கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக் குழாய் அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த செப்பு வளையமும் அசையவில்லை. வளையத்தின் கம்பி போய்ச் சேரும் பெட்டியில் முள் மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது.

வளையத்தை மாட்டியவள் இன்ஜினியர் ஹன்ஸா. எளிதில் தீப்பிடிக்கும் பெட்ரோலிய எண்ணெயான நாஃப்தா, குழாயின் சுவரை உரசிக்கொண்டு ஓடும்போது ஒரு வகை மின்னூட்டம் சுவரிலேயே தங்கும், எதிர்வகை திரவத்தோடு தொட்டிக்குப் போகும். வளையம் திரவத்தைத் தொடாமலே, வெளியிலிருந்தபடி, அந்த ஓட்டத்தை உணரும். ஓட்டம் இல்லையென்றால் முள் சும்மா கிடக்கும்.

தொட்டிக்குப் போனது சீக்கிரம் அடங்காது. நாஃப்தா மின்சாரத்தைக் கடத்தாத திரவம், அதனால் மின்னூட்டம் மெதுவாகத்தான் தரைக்குக் கசியும். அதற்காகத்தான் தொட்டி நிரம்பியதும் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும், பிறகே மேலே ஏறி அளவு நாடாவை இறக்க வேண்டும் என்று விதி. முன்னதாக இறக்கினால் நாடா நுனியின் பித்தளைக் குண்டுக்கும் திரவத்துக்கும் இடையே பொறி பாயும்.

தொட்டியில் அளவெடுக்கும் காசமுக்குப் பாய்ந்தது.

"ஒம்பது நிமிஷந்தான் ஆச்சு பாய்," என்றான் அன்று, ஏழாம் தொட்டியின் படியடியில் நின்று. "தொட்டி இன்னும் கோவத்துல இருக்கு."

"கோவப்பட அது என்ன உன் பொண்டாட்டியா? ஏறுடா. கடல் வத்திட்டா கப்பல் நிக்காது," என்றார் தேவ்ஷி.

ஏறினான். மேலே ஒரு நீல வெளிச்சம். சத்தம்கூட அப்புறம்தான் வந்தது.

குறிப்பேட்டில் தேவ்ஷி முப்பது நிமிடம் என்று எழுதினார். காசம் நைலான் ஸ்வெட்டர் போட்டிருந்தான், தப்பு அவனுடையது என்று அறிக்கை வந்தது. இன்று பன்னிரண்டு மணிக்கு விசாரணை அதிகாரி அதை முடித்து வைக்கப் போகிறார். இறந்துபோன காசமின் மனைவி ஜைனப் காலையிலிருந்து வாயிற்கதவருகே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் பெயரிலிருந்து அந்தத் தப்பை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. தேவ்ஷிக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

முள் எழுந்தது. இரண்டு துடிப்பு. ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு துடிப்பு.

இந்தத் தாளத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

பெட்டி வந்த முதல் நாள், ஹன்ஸா தண்ணீர் நிரப்பிய மெல்லிய குழாயை ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டி வேடிக்கை காட்டினாள். நாடி தள்ளத் தள்ள உள்ளே தண்ணீர் அசைந்தது, முள் ஆடியது. காசமுக்கு மட்டும் இரண்டு துடித்தால் ஒன்று விட்டுப்போயிற்று. "உன் இதயம் கூட டீ குடிக்கப் போயிடுதுடா!" என்று கொட்டகையே சிரித்தது.

தேவ்ஷி கம்பியைப் பிடுங்கினார்.

முள் நிற்கவில்லை.

தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது தறிகெட்டு ஓடியது. முள் நிதானமாக ஆடியது. இரண்டு. இடைவெளி. இரண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஏனென்று தெரியாமல். பதினொன்று நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை பெட்டியின் முள் ஓயவில்லை. ஒன்பது நிமிடம்.

முள் படுத்தது.

அமைதி. மேஜையில் மாதிரி எடுத்து மூடாமல் விட்ட ஜாடியிலிருந்து நாஃப்தாவின் இனித்த நெடி. அதனடியில் இன்னொன்று. கருகிய முடி.

இடது மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தார். கை முழுவதும் முடி படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் விறைத்து நின்றது. குறுக்கே நான்கு பட்டைகள். உட்புறம் ஒன்று, தடிப்பாக. கட்டைவிரல்.

யாரோ பிடித்திருந்தார்கள்.

வாசலில் பித்தளை உருண்டை இருந்தது. உள்ளே வருகிறவர்கள் உடம்பிலுள்ள மின்னூட்டத்தைத் தரைக்கு விட அதைத் தொட்டுவிட்டு வருவார்கள். ஓடிப்போய் இரு கையாலும் பற்றினார். முடி படியவில்லை. மறுபடி பற்றினார். பட்டைகள் முழங்கைக்கு நகர்ந்தன. தோளுக்கு. கழுத்துக்கு. பின்வாங்கினார். மேஜை முதுகில் இடித்தது. ஜாடி தளும்பிற்று.

"என்ன தேவ்ஷிபாய், உருண்டையோட குஸ்தியா?" ஹன்ஸா உருண்டையைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள், கையில் தாளும் எஃகுப் பேனாவும். "ஆபீசர் வந்துட்டார். காசமை எத்தனை நிமிஷம் காக்க வெச்சீங்க? உண்மைய சொல்லுங்க, வெளியில ஜைனப் இருக்காங்க."

கிட்ட வராதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள்.

"முப்பது," என்றார்.

அவள் முகம் சுருங்கியது. "அப்ப கையெழுத்து போடுங்க."

ஜாடிக்கு மேலாகப் பேனாவை நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். வரவில்லை. மணிக்கட்டை யாரோ முன்னால் தள்ளினார்கள், மெதுவாக, பொறுமையாக. அதன் முடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, எஃகு முனையை நோக்கிச் சாய்ந்தன.