வடிவு செய்த கம்பி வில்

"தீ சமாச்சாரம். பொம்பளப் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி, ஞானசம்பந்தம் சார் கம்பி வில்லை சங்கரபாண்டியிடம் கொடுத்துவிட்டார்.

வடிவம்மாளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வில்லைச் செய்ததே அவள்தான்.

தென்காசியில் அவர்கள் பள்ளியில் அன்று பொருட்காட்சி தொடங்குகிறது. ஐந்தருவியின் மாதிரியைச் செய்வது வடிவும் சங்கரபாண்டியும் படிக்கும் ஏழாம் வகுப்பின் வேலை. மதராஸிலிருந்து புது மைக்ராஸ்கோப் வந்த பெட்டிக்குள் இரண்டு வெள்ளைப் பலகைகள் இருந்தன. எடுத்தால் எடையே தெரியாது. தெர்மோகோல் என்றார் சார். அதில் அருவி செய்யலாமென்று கத்தியால் அறுத்தார்கள். ஜவ்வரிசி மாதிரி உதிர்ந்து கொட்டியதுதான் மிச்சம்.

உதிர்ந்ததில் ஒரு துண்டை வடிவு வீட்டுக்குக் கொண்டுபோனாள். தோசை சுடும்போது சூடான தோசைத் திருப்பி அதன்மேல் பட்டது. துண்டு வழுவழுவென்று இரண்டானது. உடனே அவளுக்கு யோசனை வந்துவிட்டது.

குற்றாலத்து பங்களா ஒன்றில் அவள் அப்பா காவல்காரர். அங்கே தூக்கிப் போட்டிருந்த கரண்டு அடுப்பிலிருந்து சுருள் கம்பியைக் கேட்டு வாங்கினாள். அதை நீட்டி, வளைத்த மூங்கிலில் கட்டினாள். சயன்ஸ் ரூம் பேட்டரியோடு இணைத்தால் கம்பி சூடாகி, பலகையை உதிராமல் அறுக்கும். சார் பார்த்துவிட்டு, "பலே" என்றார். பிறகுதான் அந்த 'தீ சமாச்சாரம்'.

"நீங்க போய், பொருட்காட்சி பார்க்க வர்ற ஆபீசருக்கு டீ போடுங்க" என்று வடிவையும் ரெங்கம்மாளையும் மதிய உணவுக் கொட்டகைக்கு அனுப்பினார்.

வடிவு அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, அடுப்பு மூட்டலையா?" என்றாள் ரெங்கம்மாள்.

"மாட்டேன். இதுவும் தீதானே?"

ரெங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவளும் கையைக் கட்டிக்கொண்டாள்.

வகுப்பிலே சங்கரபாண்டி மூங்கிலைத் தட்டிப் பார்த்தான். "இது என்ன, வளையுது" என்று கம்பியைக் கழற்றிக் கெட்டியான மரச்சட்டத்தில் கட்டினான். பேட்டரியில் இணைத்ததும் கம்பி கொடிக்கயிறு போலத் தொய்ந்துவிட்டது. அருவி கோணலாக நெளிந்தது. ஒரு பலகை வீண். மீதி ஒன்றுதான்.

அதற்குள் ஆபீசர் சாரலில் நனைந்துகொண்டு முன்னதாகவே வந்துவிட்டார். சார் கொட்டகைக்கு ஓடிவந்தார்.

"டீ எங்க?"

"தீயில பொம்பளப் பிள்ளைகள் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" வடிவு கட்டிய கையை எடுக்காமலே கேட்டாள். "வீட்டுல மூணு வேளையும் நாங்கதான் அடுப்பு மூட்டுதோம். அப்பல்லாம் யாரும் தடுக்கல. வில்லைத் தொட்டா மட்டும் கை சுட்டுருமா சார்?"

சார் சங்கரபாண்டியைக் கூப்பிட்டு அடுப்பை மூட்டச் சொன்னார். விறகு ஈரம். புகைதான் வந்தது. அவன் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது.

சார் அவனைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார்.

"நான் சொன்னது தப்பும்மா. நீயே போய் அறு."

வடிவு புறப்பட்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அடியில காஞ்ச சுள்ளி வைலே. மொத நாளு எனக்கும் புகைதான் வந்துச்சு."

கம்பியை மறுபடி மூங்கிலில் கட்டினாள். "கம்பி சூடானா நீளும் சார். மூங்கில் நிமிரப் பார்க்கும்லா, அது இழுத்துப் பிடிச்சுக்கிடும். கட்டை எப்படி இழுக்கும்?" என்றபடி, புகை போக ஜன்னலைத் திறந்தாள். கம்பி பலகைக்குள் மெதுவாக இறங்கியது. ஐந்து அருவியும் நேராக விழுந்தன.

ஆபீசர் வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடிவின் பெயரைக் கேட்டுக்கொண்டார். பிறகு டீயை ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"டீ யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றான் சங்கரபாண்டி. மூக்கு நுனியில் கரி.

வடிவு ஒரு டம்ளரை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"கொஞ்சம் புகை வாடைதான். நாளைக்குச் சரியாப் போட்டுருவே."

"நாளைக்குமா?"

"பின்னே? பொருட்காட்சி மூணு நாள்லா" என்றாள் வடிவு.