நூறில் நின்ற எண்

அன்று பகல் பட்டறையில் இருந்தவர்கள் நால்வர்: மூத்தவனான நான், இறந்துபோன என் தம்பியின் மனைவி, எங்களிடம் இருபது வருடமாக வேலை செய்யும், 'ஃபியூஸ்' என்றே எல்லோரும் கூப்பிடும் எலக்ட்ரீஷியன், டீசல் காரைக் கொண்டுவந்த டீச்சர். ஐந்தாவதாக யாரும் வரவில்லை. மழைக்காக ஷட்டரைப் பாதி இறக்கியவன் நானே.

"மேடு ஏறவே மாட்டேங்குது. சின்னவர் இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பார்," என்றார் டீச்சர்.

தம்பி இறந்து ஏழு மாதம். பட்டறையைத் தொடங்கியவன் நான். பலகையில் இருப்பது எங்கள் அப்பா பெயர். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாம் அவனைத்தான் கேட்டார்கள்.

"இன்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளுற டர்போ போயிடுச்சு. மாத்தணும்," என்றேன்.

ஃபியூஸ் தலையைச் சொறிந்தான். "அந்தக் காத்தை அளக்குற பிரஷர் சென்சாரா இருந்தா, பெரியண்ணே? சின்னண்ணே மாதிரி ஒருதடவை ஊதிப் பாத்துடலாமே."

அது தம்பியின் வழக்கம். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி வைப்பான். சென்சாருக்குப் போகும் சிறு ரப்பர் குழாயின் மறுமுனையைக் கழற்றி வாயால் ஊதுவான். காரில் இணைத்த ஸ்கேனரின் திரையில் நூறில் நிற்கும் அழுத்தம் ஏறினால் சென்சார் நல்லது, அசையாவிட்டால் பழுது.

"கண்ட குழாயிலும் வாய் வைக்கிற பரம்பரை இல்லடா இது."

"அப்ப சின்னண்ணே எந்தப் பரம்பரை?"

ஆத்திரத்தில் ஸ்கேனரை இணைத்து, சாவியைத் திருப்பி, குழாயின் மறுமுனையைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினேன். "இதோ. யாருக்கு ஆசையோ ஊதுங்க."

யாரும் அருகில் வரவில்லை.

கிராம்பு வாசனை வந்தது. பல்வலிக்காகத் தம்பி எப்போதும் கிராம்பை வாயில் அடக்கியிருப்பான்.

குழாய் என் விரல்களுக்குள் விறைத்தது. தளர்ந்தது.

மறுபடியும் விறைத்தது.

திரையில் எண் நூறைவிட்டு அசையவில்லை.

"வந்துட்டீங்களா?" என்று தம்பி மனைவி கிசுகிசுத்தாள். ஏழு மாதமாக அவள் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது இருந்தது.

எனக்கு வந்தது வெறும் பயம் அல்ல. செத்த பிறகும் அவன் சொல்வதுதான் சரி.

அலமாரியிலிருந்து புது சென்சாரை எடுத்து மாட்டினேன். குழாயின் திறந்த முனை ஈரமாக இருந்தது. துடைத்தேன். சாவியைத் திருப்பினேன்.

நூறு.

நூற்று மூன்று.

நூற்று ஆறு.

"யாரும் ஊதலையே," என்றார் டீச்சர், மிக மெதுவாக.

என் தம்பி ஆவியாக வந்து அந்தக் காரைச் சரிசெய்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. சென்சாரை மாற்றியவன் நான். அவன் ஊதினான், அவ்வளவுதான். இப்போதும் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.