விறாந்தைச் சுவரில் காணாமற்போன கல்

1961 நவம்பர் 3, காலை எட்டேகால். வாவிக்கரைப் பழைய பட்டாள விடுதியின் விறாந்தைச் சுவரில் பதித்திருந்த கல்லறைக் கல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர்.

"பேத்தெடுத்துப்போட்டு ஓட்டையையும் பூசியிருக்கானுகள்" என்றார் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓவசியர் வினாயகமூர்த்தி. "வாச்சர் சிறிலுக்குத் தெரியாம நடக்குமா?"

விடுதியின் வயதுக்கு அந்தக் கல் ஒன்றுதான் சாட்சி. இரண்டு மணிக்குத் தொல்பொருள் அதிகாரி வருகிறார். கல் இல்லாவிட்டால் கட்டடத்தை இடித்துவிடுவார்கள். காவல்காரன் சிறிலுக்கு வேலை போவதோடு கையில் விலங்கும் விழும்.

சிறிலைப் பார்க்க இன்ஸ்பெக்டர் கனகசிங்கத்துக்குப் பாவமாக இருந்தது. கோழி திருடக்கூட லாயக்கில்லாத மனுசன்.

"கல்லைக் கடைசியா எப்ப கண்ட?"

"செவ்வாய்க்கிழமை ஐயா. பிறகு லீவுல அக்காட ஊட்ட போயிட்டு இண்டைக்குத்தான் வந்தன்."

சிறிலின் மனைவி திரேசம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் விரல்கள் வெந்து வெடித்து, தேங்காயெண்ணெயில் மினுங்கின. கிளாசை வாங்கக் குனிந்த கனகசிங்கம் ஓவசியரின் சப்பாத்துக் காலைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தரையில் உருகி உறைந்த மெழுகு. தூசுகூடப் படியவில்லை.

"நேத்து ஆத்துமாக்கள் திருநாள். கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவாங்க. வெறுஞ்சுவருக்கு ஆரு கொளுத்துவாங்க? கல் இஞ்சதான் கிடக்கெண்டு தெரிஞ்ச ஆள்தான் கொளுத்தியிருக்கு. சுண்ணாம்பு கையை வேகவச்சிரும், இல்லையா திரேசம்மா?"

அவள் அழுதுவிட்டாள்.

"கல்லைக் கொழும்புக்குக் கொண்டுபோவாங்களெண்டு ஓவசியர் ஐயா சொன்னாரு. அதான் பூசி மறைச்சன். எனக்குப் பொறந்த மூணும் தங்கல்ல. இந்தக் கல்லில பேர் இருக்கிற புள்ளைக்கும் ஆருமில்ல. அங்க ஆரு திரி கொளுத்துற? கல் இல்லாட்டி இடிப்பாங்களெண்டு சத்தியமாத் தெரியாது ஐயா."

சிறில் சுத்தியலைக் கொண்டுவந்தான். கனகசிங்கம் சுத்தியலை வாங்கித் தாமே மெதுவாகத் தட்டினார். சாந்து உதிர்ந்தது: 'எமிலி, சார்ஜண்டின் மகள், மூன்று வயது, 1829.'

பிற்பகல் இரண்டு மணி. அதிகாரி கல்லைத் தடவிப் பார்த்தார்.

"கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கட்டடத்தையும் தொடக்கூடாது." படிவத்தை எடுத்தார். "கல்லறைக்கு உரித்தாளர் யாரும் உண்டா?"

ஓவசியர் சிரித்தார். "நூத்தி முப்பது வருசத்துக்குப் பிறகா?"

"இருக்கிறா" என்றார் கனகசிங்கம். "திரேசம்மா எண்டு எழுதுங்க."

"என்ன உறவு?"

திரேசம்மாவே முன்னால் வந்தாள்.

"தாய்."

அதிகாரி ஒரு கணம் பேனையை நிறுத்தினார். பிறகு அப்படியே எழுதினார்.