கண்ணாடித் தகட்டில் இரண்டு சதை

மலர் வந்தபோது ரோஸ்மேரி மதிய ஜெபத்தை முடித்து எழுந்திருந்தார். அரசு மருத்துவமனையின் சதைப் பரிசோதனைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். ராயபுரத்தில் மருத்துவச் சீட்டு புரியாதவர்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எண்ணூர்க் குப்பத்திலிருந்து மலரை அழைத்து வந்தது டில்லிபாபுவின் ஆட்டோ. ரோஸ்மேரியின் விசாரணை எதுவானாலும் டில்லிபாபு அதில் தானாக வந்து ஒட்டிக்கொள்வார்.

"ரோஸக்கா, எவனோ சீட்ட மாத்திட்டான். எனுக்கு அப்பவே தெரியும்," என்றார் டில்லிபாபு.

"நீ சொம்மா இரு நைனா. அவ பேசட்டும்."

மலர் தரையைப் பார்த்தபடி சொன்னாள். இரண்டு மாதமாக ரத்தப்போக்கு. மூன்று வாரத்துக்கு முன் கருப்பையைச் சுரண்டி எடுத்த சதையை டோல்கேட் அருகிலுள்ள பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கர்ப்பத்தில் உண்டாகும் புரதம் அதில் இருப்பதாக முடிவு வந்தது. அவள் கணவன் வெற்றி, மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள ரத்னகிரியில் விசைப்படகு வேலைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

"அத்த அவருக்கு ஃபோன் போட்டு சொல்லிட்ச்சு. இனிமே வூட்டுக்கே வரமாட்டேன்றாரு. அட்டைல டெஸ்ட் பண்ணேன்க்கா, ஒரே கோடுதான், கர்ப்பம் இல்லன்னு. 'கலச்சிட்டு வந்து அட்டையக் காட்றியா'ன்னு கேக்குது."

ரோஸ்மேரி காகிதங்களைப் படித்தார். கூடத்தின் டாக்டர் அன்புக்கரசி முதலில் எழுதியிருந்த குறிப்பில் அவர் விரல் நின்றது. 'இயல்பற்ற பெரிய செல்கள். கர்ப்பத்தால் வந்தவையா என அறிய எதிர்ப்பொருள் சோதனை தேவை.' பிறகு அவர் விடுப்பில் போய்விட, முடிவில் கையெழுத்திட்டிருந்தவர் அவருக்குப் பதிலாக வெளியூரிலிருந்து வந்த வேறு டாக்டர்.

மலர் கூடத்தில் கேட்டு வாங்கி வந்த கண்ணாடித் தகட்டை ரோஸ்மேரி வெளிச்சத்தில் பிடித்தார். பென்சிலில் எழுதிய எண் தெளிவாக இருந்தது. ஒரு முனையில் நகமளவு சதை, பழுப்பு நிறம். மறுமுனையில் வெளிறிய நான்கைந்து துணுக்குகள். பழுப்புச் சதையின் அருகே மூச்சுப் பட்டாற்போல் மங்கலான நீலக் கறை.

"சுரண்டினப்ப வந்தது பெரிய துண்டா, தூளா?"

"தூள் தூளாத்தான் இருந்திச்சுன்னு நர்ஸ் சொன்னாங்க."

ரோஸ்மேரி தகட்டைத் துணியில் சுற்றி வைத்தார்.

"மலரு, உன் பேர சுத்தமாக்க முடியும். ஆனா அதோட இன்னொரு விஷயமும் தெரிய வரும். அது நல்லதா இருக்காது. பாக்கணுமா?"

"எது வந்தாலும் சரி, பேரு போதும்க்கா."

மறுநாள் காலை, சாம்பல் படிந்த வானத்தின் கீழ், எல்லோரும் பரிசோதனைக் கூடத்தில் கூடினார்கள். விடுப்பிலிருந்து திரும்பியிருந்த அன்புக்கரசி நுண்ணோக்கியருகே உட்கார்ந்திருந்தார். மாமியார் கெங்கம்மா மருமகளைவிட்டுத் தள்ளி நின்றாள். தகட்டைத் தயாரித்த ஊழியர் பகலவனின் விரல்நுனிகளில் நீல மை.

"இன்னாத்துக்கு இத்தினி பேஜாரு? மிசினே சொல்லிட்ச்சே!" என்றாள் கெங்கம்மா.

"மிஷின் சொல்லலம்மா, மனுஷங்கதான் சொன்னாங்க," என்ற ரோஸ்மேரி பகலவனிடம் திரும்பினார். "தம்பி, இதுக்கு முன்னாடி எந்தப் பிரிவுல இருந்தீங்க?"

"ரத்தப் பிரிவு மேடம்."

"அங்க குழாய்ல எதால எழுதுவீங்க?"

"மார்க்கர்ல..." சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது.

"இந்தச் சோதனைக்குத் தகட்டுல ஊத்துற மருந்துல இருக்குற எதிர்ப்பொருள் கர்ப்பப் புரதத்தத் தேடிப் போய் ஒட்டும். ஒட்டின எடம் பழுப்பாகும். மருந்து வேல செய்யுதான்னு பாக்க, யாரோ பெத்த பிள்ளையோட நஞ்சுக்கொடித் துண்டு ஒண்ண அதே தகட்டுல வைக்கிறது வழக்கம். அது எப்பவும் பழுப்பாகும். 'இது சோதனைத் துண்டு'ன்னு பக்கத்துல ஒரு கோடு போடணும். நீங்க மார்க்கர்ல போட்டீங்க. தகடு ஸ்பிரிட்டுல பலதடவ முங்கும். பென்சில் நிக்கும், மை கரைஞ்சிடும்; மிச்சந்தான் இந்த நீலக் கற. பதிலுக்கு வந்த டாக்டர் ஊருல சோதனைத் துண்ட வேற தகட்டுல வைப்பாங்களா இருக்கும். கோட்டக் காணோம். ரெண்டுமே மலரோடதுன்னு நெனச்சிட்டாங்க. ஆனா இவளோடது தூளாத்தான் வந்திச்சு."

"நான் சொல்லல, மாத்திட்டான்னு?" என்றார் டில்லிபாபு.

"யாரும் மாத்தல நைனா. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல."

அன்புக்கரசி நுண்ணோக்கியிலிருந்து தலைநிமிர்ந்தார். "பழுப்பா இருக்கிறது முழு மாத நஞ்சுக்கொடிதான். மலரோட துணுக்குகள்ல கொஞ்சமும் நிறம் ஏறல. அவங்க கர்ப்பமாவே இல்ல."

பகலவன் மலரின் முன்னால் கைகூப்பினான். அவள் தலையசைத்தாள்.

"அப்ப சீட்டுல எழுதியிருந்த அந்தப் பெரிய செல்லு?" கெங்கம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

 அன்புக்கரசி மெல்லச் சொன்னார். "கர்ப்பத்தால வந்ததில்லன்னா, புற்றுநோயாத்தான் இருக்கும்மா. மூணு வாரம் வீணாப் போச்சு. இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது."

மலர் அழவில்லை. அவளுக்கு அது நேற்றே புரிந்திருக்க வேண்டும்.

கெங்கம்மா ஃபோனை எடுத்து அழுத்தினாள். மறுமுனையில் படகு இயந்திரத்தின் இரைச்சல். "டேய் வெற்றி, நான் சொன்னதெல்லாம் பொய்டா. நான் ஒரு பாவி. அவ சுத்தமானவ. அவுளுக்கு ஒடம்பு முடியல, கெளம்பி வாடா."

 "அவகிட்ட குடும்மா," என்றான் வெற்றி.

கெங்கம்மா ஃபோனை நீட்டினாள். மலர் அதை வாங்கவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரி அத்த. அவரு வந்து பேசட்டும்."

தவறு செய்தவருக்கும் ஏதாவதொரு சின்ன வேலையைக் கடவுள் மிச்சம் வைக்கிறார். கெங்கம்மா மறுபேச்சுப் பேசாமல் மருமகளின் காகிதங்களை எல்லாம் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்டோவைத் தேடி முன்னால் நடந்தாள்.