மைக்கை அணைத்த பிறகு

அவள் இன்னும் சொல்லாத ஜோக்குக்கு இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள்.

அருங்காட்சியகத்தில் மூன்று கால் கல்குதிரையின் முன்னால் நின்று, நாலாவது கால் லீவில் போயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒன்பது வருடமாக இதே குதிரை, இதே வரி, இதே சிரிப்பு. ஒருவேளை முன்பே சொல்லித் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்தாள். காலையிலிருந்து வெற்றி வளைவு, மன்னர் கல்லறை, பாராளுமன்றப் படிகள் என்று தலைநகரம் முழுக்கத் தொண்டை வறளப் பேசியாயிற்று. எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்று எந்தக் கைடுக்கு நினைவிருக்கும்.

இந்த ஓவியக் கூடங்களில் சத்தமாகப் பேச அனுமதி இல்லை. கைடின் காலரில் ஒரு சின்ன மைக், பார்க்க வந்தவர்கள் காதில் இயர்போன். அவள் முன்னால் முணுமுணுத்துக்கொண்டே நடப்பாள். அவர்கள் கண்ணைப் படங்களில் விட்டுவிட்டு, குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். மாலையில் பஸ் ஏறும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டில் அவள் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவாள்.

இன்று மகளையும் கூட்டி வந்திருந்தாள். பள்ளிக்கூடம் லீவு, கணவன் வெளியூரில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஏழு வயது, வீட்டில் வாலு என்றால்தான் திரும்பிப் பார்க்கும். பொழுதுக்கும் ஓடுகிற பிள்ளையைக் கூட்டத்தில் எப்படிக் கட்டி மேய்ப்பது என்று யோசித்து, அவளுக்கும் ஒரு இயர்போனை மாட்டிவிட்டிருந்தாள். பெரியவர்கள் ஒரு காதில் மாட்டிக்கொள்வார்கள். வாலுவுக்கு இரண்டு காதிலும்.

"கூட்டத்துல என்னைத் தேடிக்கிட்டு நிக்காதே. காதுல அம்மா குரல் என்ன சொல்லுதோ, அதை மட்டும் செய். சரியா?"

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு குழந்தை அன்று முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்டது. இந்த யோசனை முன்பே தோன்றாமல் போயிற்றே என்று அவள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த கூடத்தில் போர்க்கள ஓவியம். கண்ணாடிக் கூரை வழியே பிற்பகல் வெயில் பால் திரிந்தாற்போல் வெளுப்பாக இறங்கியது. மெழுகு போட்ட மரத்தரையின் மணமும் பழைய வார்னிஷின் காரமும் எங்கோ ஏசி விடாமல் முனகுகிற சத்தமும் சேர்ந்து, மதியத் தூக்கம்போல அந்த இடத்தை மூடியிருந்தன. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் படத்தின் இடது மூலைக்குக் குனிந்திருந்தார்கள்.

"என்ன சார் பார்க்கறீங்க?" என்று அருகிலிருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டாள்.

"நீங்கதானம்மா சொன்னீங்க. செத்தவங்களுக்கு நடுவுல ஒரு நாய் படுத்திருக்குன்னு."

சொல்லத்தான் இருந்தாள். சொல்லவில்லை.

காலருக்குள் விரலை விட்டு மைக்கை அணைத்தாள். சிவப்புப் புள்ளி அணைந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ "அடப்பாவமே" என்றார்கள். போஸ்ட்மாஸ்டர் லேசாகச் சிரித்தார்.

"சார், காதுல என்ன கேக்குது? அதைக் கொஞ்சம் குடுங்க."

அவர் ஒரு விரலை உயர்த்தி, "கொஞ்சம் இருங்கம்மா. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். பாட்டு கேட்கும்போது குறுக்கே பேசியவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

பிறகு எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். வலப்பக்கம் போக வேண்டிய கூட்டம் இடப்பக்கம் திரும்பியது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு குறுகலான வழி, கடைசியில் ஒரு கதவு.

வாலு எங்கே?

முதுகுகளுக்கு இடையே தேடினாள். எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளையின் கை. பக்கத்தில் யாரும் இல்லை.

"வாலு! நில்லு!"

திரும்பவில்லை. இரண்டு காதும் அடைத்திருந்தது. அடைத்தவளே அவள்தான். மைக்கை மறுபடி அழுத்தினாள், சிவப்புப் புள்ளி எரியவில்லை. முட்டி மோதினாள். யாரும் வழிவிடவில்லை. கோபப்படவும் இல்லை. மெத்தையில் இடிப்பதுபோல இருந்தது. எங்கோ கதவு சாத்திய சத்தம் கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கதவைச் சுற்றி நின்று இயர்போன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க என் பொண்ணு?"

போஸ்ட்மாஸ்டர் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இப்பதானே ரெண்டு பேரும் உள்ள போனீங்க? எங்களை வெளியே நிக்கச் சொன்னீங்க. எப்ப வந்தீங்க?"

சாவிக்கொத்தோடு கூடத்துக் காவலாளி ஓடி வந்தார். "அது பூட்டியிருக்கு மேடம். கூரை ஒழுகுது. மூணு வருஷமா யாரும் உள்ள போறதில்ல."

"திறங்க."

"மேடம், ஆபீஸ்ல..."

"என் குழந்தை உள்ள இருக்கு. திறங்க."

பூட்டு துருவோடு முரண்டு பிடித்துத் திறந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாடை. ஜன்னல் இல்லாத வெற்று அறை. நான்கு சுவர். தரை முழுக்கத் தடித்த தூசி. அந்தத் தூசியில் வாசலிலிருந்து உள்நோக்கிப் போகும் சின்னச் செருப்புத் தடங்கள். ஒருத்தியின் தடங்கள் மட்டும். அறை நடுவில் வந்து நின்றுவிட்டிருந்தன.

அவள் போஸ்ட்மாஸ்டரின் கையிலிருந்த இயர்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

அவளுடைய குரலேதான். தூங்க வைக்கும்போது பேசுகிற குரல். இந்த வேலையில் ஒருநாளும் பேசியிராத குரல்.

"கண்ணை மூடிக்கோடா செல்லம். இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"சரிம்மா."

"வாலு!" அவள் அறை அதிரக் கத்தினாள். "அம்மா இங்க இருக்கேன்! வந்துடு!"

காதில் குழந்தை, மைக்குக்கு மிக அருகில், ரகசியமாக.

"அம்மா, பின்னாடி யாரோ கத்துறாங்க."

"கேட்டுது கண்ணு. திரும்பிப் பார்க்காதே. அது அம்மா மாதிரியே பேசும்."

"பயமா இருக்கும்மா."

"அம்மா கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ. வேகமா நட."

தடங்கள் நின்றிருந்த இடத்துக்கு முன்னால், யாரும் இல்லாத தூசியில், ஒரு சின்னச் செருப்பு பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அவள் பாய்ந்து இரண்டு கையாலும் துழாவினாள். வெறும் காற்று. அவள் விரல்களுக்குக் கீழேயே இன்னொன்று பதிந்தது. இன்னொன்று. இப்போது ஓடுகிற இடைவெளியில்.

கடைசித் தடம் எதிர்ச்சுவரின் அடியில் விழுந்தது. குதிகால் மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.