மூடிய குட்டை

பகல் தூக்க நேரத்தில் வீட்டுக்குள் எங்கோ ஒரு தவளை கத்தியது.

தூதா மாவில் கை வைத்தபடியே காதைக் கொடுத்தாள். ஒரே ஒரு தடவைதான், யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. வெளியே வெயில் மண்சுவரை அடுப்பாக்கிக்கொண்டிருந்தது. பேரீச்சை ஓலைகள்கூட அசையாமல் தொங்கின. கழுதை வாலை ஆட்டுவதையும் நிறுத்திவிட்டது. இந்தக் கோடையில் தவளை எங்கிருந்து வரும்? ஆறு வற்றிவிட்டது. ஆறு வற்றினாலும் வற்றாத கடைசிக் குட்டையும் போய்விட்டது. அதைப் போக்கியவன் உள் அறையில் படுத்திருந்தான். அவள் புருஷன் பஸ்ஸு.

நினைத்தாலே தூதாவுக்கு வயிறு எரியும். ஆறு சுருங்கச் சுருங்க, பாறையடியில் அந்தக் குட்டை மட்டும் மிஞ்சும். அதன் தண்ணீர், அடையாளத்துக்கு நட்ட வெள்ளைக் கல்லுக்குக் கீழே இறங்கிய அன்று, ஊரில் 'அக்தால்' என்று கூவிவிடுவார்கள். மூடியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு கழுதைக்குக்கூட அதில் ஒரு வாய் கிடையாது. மிச்சம் மீனுக்கு, தவளைக்கு, ஆமைக்கு. காய்ந்த படுகையும் செத்ததில்லை. சேற்றுக்குள் ஆமை தூங்கும், மணலுக்குள் முட்டைகள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். எங்கே ஈரம் பட்டாலும் எழுந்துகொள்ளும். வெள்ளம் வந்த சூட்டோடு ஆறு முழுக்கத் துள்ளுவது அதனால்தான். ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த விஷயம். பஸ்ஸுவுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தான், பாவி.

குட்டையில் அவன் வாளி விடவில்லை. பக்கத்தில், காய்ந்த மணலில் போர் போட்டான்.

"நான் குட்டையத் தொட்டேனா? யாராச்சும் பாத்தீங்களா?" என்று ஊர்க்கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான். "காஞ்ச மணல்ல ஓட்டை போட்டேன். காஞ்ச மணல் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் போதுமானதாக இருந்தது. சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆமைகள், படுகையைச் சமன்படுத்த வந்த புல்டோசரின் வாயில் ஓடு பிளந்து வந்தன. அந்தப் படுகையின்மேல் தர்பூசணி போட்டான். கொடி பூப்பதற்குள் குட்டை சேறாகி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. மீசை மீன்கள் வாயைத் திறந்தபடி அதில் ஒட்டிக் கிடந்தன. பழமெல்லாம் லாரி லாரியாகக் காசாபிளாங்கா பட்டணத்துக்குப் போயிற்று.

அதே போரிலிருந்து வீட்டுக்கும் ஒரு குழாய் இழுத்து, வாசலில் சோலார் மோட்டார் வைத்தான். முதல் நாள் தூதா துணியில் வடிகட்டினாள். துணியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக, கண்ணே இல்லாத எதுவோ சுருண்டு சுருண்டு நெளிந்தது. அவனிடம் காட்டினாள்.

"வடிகட்டாமயே குடி. கறி வாங்குற செலவு மிச்சம்" என்றான்.

அன்றிலிருந்து அவளும் மகள் இஜ்ஜாவும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. தினமும் காலையில் கழுதையோடு நாத்தனார் ஹத்தாவின் கிணற்றுக்குப் போய், நீலக் கேனில் கொண்டுவருவாள். "வீட்டுக்குள்ள குழாய் வச்சிருக்கா மகாராணி, கழுதையோட என் வாசலுக்கு வர்றா" என்று ஹத்தா நொடிப்பாள். நொடித்துக்கொண்டே கேனை நிரப்பியும் கொடுப்பாள். அலைச்சல்தான். பிள்ளை வயிற்றுக்குள் அந்தக் கண்ணில்லாததுகள் போகக் கூடாது; தூதாவுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

பஸ்ஸு அதைத்தான் குடித்தான். அறுவடை முடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டே இருந்தான். ஜாடி ஜாடியாகக் குடித்தும் வேர்வை இல்லை, சிறுநீர் இல்லை. உதடு வெடித்து, தோல் சாம்பல் பூத்தது. சர்க்கரையாக இருக்கும் என்றார் டாக்டர். சோதித்துவிட்டு, சர்க்கரையும் இல்லை என்றார்.

தவளை மறுபடியும் கத்தியது. இந்த முறை நீளமாக.

தூதா மாவுக் கையோடு எழுந்தாள். நடையில் இரண்டு எட்டு வைப்பதற்குள் அந்த வாசம் மூக்கில் ஏறியது; வெள்ளம் வடிந்த மறுநாள் ஆற்றங்கரையில் அடிக்குமே, அந்தப் பச்சைச் சேற்று வாசம். உள் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. இஜ்ஜா சுவரோரம் பாயில் தூங்கினாள். பஸ்ஸு மல்லாந்து கிடந்தான். சட்டை திறந்திருந்தது.

அவன் வயிற்றுத் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ரத்தம் இல்லை. வெடிப்பின் ஓரங்கள் காய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. இடுக்குகளில் கறுப்பாக ஈரம்.

ஒரு பாளம் அசைந்தது. அடியில் ஏதோ புரண்டு படுத்தது. வட்டமாக. ஓடு வைத்தது.

அவன் கண்ணைத் திறந்தான். "தண்ணி."

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது அவளுக்கு. "தண்ணியா? ஆத்தையே குடிச்சியே, இன்னும் அடங்கலியா உனக்கு? அக்தால்! மூடியாச்சு! ஒரு சொட்டு கிடையாது!"

வெளியே ஓடினாள். சோலார் தகட்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரைப் பிடித்து, கால் ஊன்றி, இழுத்து அறுத்தாள். மோட்டார் இரைச்சல் நின்றது. இத்தனை மாதமாக அந்த இரைச்சல் காதில் இருந்ததே இப்போதுதான் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹத்தா வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்படியே.

திரும்பி வந்தபோது இஜ்ஜா பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தாகமா இருக்கு."

வழிக்கு வேண்டுமே என்று தூதா நீலக் கேனைத் தூக்கினாள். கனத்தது. காலையில் பாதி செலவழித்திருந்தாள். இப்போது வாய் வரை நின்றது.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். சேறு.

"யாருடி இத நிரப்புனது?"

"அப்பாதான். தினமும் அப்பாதான் நிரப்புவாரு. அத்தை வீட்டுத் தண்ணியையும் குடிச்சுட்டு, குழாயில புடிச்சு வச்சிருவாரு." இஜ்ஜா உதட்டை நக்கிக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. "எல்லாம் ஒரே தண்ணிதானாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

தினமும். எத்தனை நாளாக? ரொட்டி மாவு. தேநீர். இரவில் அவள் சொம்போடு அண்ணாந்து குடித்தது.

கட்டிலில் பஸ்ஸு வாயைத் திறக்கவில்லை. அவன் வயிற்றுக்குள்ளிருந்து தவளை கூப்பிட்டது.

பாயிலிருந்து பதில் வந்தது. சின்னக் குரல். இஜ்ஜாவின் வாய் மூடியே இருந்தது. தொண்டை மட்டும் உப்பி, பளபளத்து, அடங்கியது.

பிறகு அமைதி. இரண்டும் மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தன.

தூதா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.