பின் இடது பக்கச் சத்தம்

காலை ஏழு மணிக்குக் கவின்குமார் அண்ணனின் வண்டி மூன்றாவது முறையாக என் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் பச்சை விளக்கு அணையும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார். கையால் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இப்போது அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. ஸ்டியரிங் வளையத்துக்குள் நாடிமானி இருக்கிறது. ஓட்டுகிறவரின் துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் வண்டி தானாகவே ஓரம் கட்டி நின்றுவிடும். பதறுகிற ஆள்தான் அடுத்தவனை இடிக்கிறான் என்று கணக்குக் காட்டி நாடிச் சட்டம் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

"இன்னும் போகல அம்மிணி. அதே டொக் டொக். பின்னால இடது பக்கம்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. கிணத்துக்கடவில் பழைய வண்டிச் சத்தம் கண்டுபிடிக்க நிவேதாவை விட்டால் ஆளில்லை, அவளுக்குப் பாம்புச் செவி என்று பத்துப் பேர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டவள். முதல் வாரம் ரப்பர் புஷ்களை மாற்றினேன். அடுத்த வாரம் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, குலுக்கல் தெரியாமல் செய்தேன். இருபத்தைந்து வயது வண்டி அது. அதற்கு மேல் அதை மெத்தையாக்க யாராலும் முடியாது.

"எப்ப வருதுங்ண்ணா?"

"வேகத்தடை ஏறி இறங்கினா வருது."

"இறங்கறப்பவேவா, தள்ளியா?"

யோசித்தார். "தள்ளித்தான். இறங்கி முடிச்சு, ஒண்ணு ரெண்டு எண்ணலாம்."

அது எனக்குப் பிடிபடவில்லை. தளர்ந்த பாகம் குழியில் விழும்போதே அடிக்கும். எண்ணிக்கொண்டிருந்துவிட்டு அடிக்காது.

"தனியாப் போனா வருதுங்களா?"

"வராது. ஹர்ஷினி பின்னால இருந்தாத்தான்."

பாரம் ஏறினால் வருகிற சத்தமோ என்று போன வாரமே இரண்டு மணல் மூட்டையைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. அதனால் இன்று அக்காவையே ஏற்றிக்கொண்டு போவோம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

அண்ணனின் மனைவி ஹர்ஷினி அக்காவுக்கு முதுகெலும்பில் கட்டி. கோவையில் கதிர்ச் சிகிச்சை, வாரம் ஐந்து நாள். தானோட்டி வண்டிகளில் இருக்கை அச்சில் வார்த்தது போல இருக்கும். அவரால் அதில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அதற்காகவே அண்ணன் இந்தப் பழைய வண்டியை வாங்கினார். முன் இடது சீட்டைக் கழற்றி, அக்கா கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள நான்தான் இடம் செய்து கொடுத்தேன். ஒலியழிப்பானையும் நான்தான் பொருத்தினேன்.

ஊரில் அதற்கு சைலன்ட் பெட்டி என்று பேர். ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் இரண்டு சின்ன ஸ்பீக்கர். எந்தச் சத்தத்துக்கு அவர் நாடி துள்ளுகிறது என்று பெட்டி கவனித்துக் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை அந்தச் சத்தம் வரும்போது மாற்று அலையை அனுப்பி, அவர் காதுக்கு மட்டும் அதை இல்லாமல் செய்துவிடும். வெறும் எரிச்சல் தருகிற சத்தத்தை அது தொடாது. நெஞ்சைத் தூக்கிப்போடுகிற சத்தம்தான் அதற்குக் கணக்கு. "பாதி வழியில வண்டி நின்னா அவளால தாங்க முடியாது. முழுசா வெச்சு விடு அம்மிணி" என்று அண்ணன் சொன்னதால் அளவை உச்சத்தில் வைத்தேன்.

நான் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் அக்கா சாய்ந்திருந்தார். கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும். பொள்ளாச்சி ரோட்டில் முதல் வேகத்தடை வந்தது. வண்டி அழகாகத்தான் ஏறி இறங்கியது. ஆனால் அக்கா வில்லாக வளைந்து, "அம்மா!" என்று அலறினார். "மெதுவா மாமா, உயிர் போகுது."

அண்ணன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா மோதிர விரலை மடக்கிக் கதவை இரண்டு முறை தட்டினார். டொக், டொக்.

"கேட்டியா அம்மிணி? அதேதான்!" என்றார் அண்ணன், திருடனைப் பிடித்துக் கொடுத்தவர் போல.

குனிந்து, "எதுக்குங்க்கா தட்டறீங்க?" என்றேன்.

"பேசினாத் திரும்பறதில்ல. தட்டினாத் தலையையாவது சாய்க்கறாரு." அக்கா அழவில்லை, அலுத்துப் போயிருந்தார். "வீட்டுல வலிக்குதுன்னு சொன்னா, 'வண்டியில நல்லாத்தானே வந்தே'ங்கறாரு. நக்கல். சலிச்சுப் போச்சு அவருக்கு." பிறகு அண்ணன் முதுகைப் பார்த்துச் சொன்னார். "இன்னையோட போதும் மாமா. மிச்சத்துக்கு நான் வரல. எங்க அண்ணன் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. இதையாவது காதுல போட்டுக்கங்க."

"இருபத்திரண்டு முடிஞ்சுது. இன்னும் எட்டுதான்" என்று அண்ணன் என்னிடம் உற்சாகமாகச் சொன்னார். "முன்னாடியெல்லாம் வழி பூரா அழுவா. இப்பப் பாரு, எவ்வளவு நிம்மதியா வர்றா!"

பெட்டியைப் பொருத்துகிறபோது, கூட வருகிறவர்களின் குரலையும் அதில் பதிய வேண்டும். இந்தக் குரலை அழிக்காதே என்று அதற்குச் சொல்வது அப்படித்தான். அன்று அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வரட்டும் என்று ஒரு நாள் பொறுத்திருக்கலாம். வேலையை முடிக்கிற அவசரத்தில் 'உடன் பயணிப்போர் இல்லை' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். மணல் மூட்டையெல்லாம் வைத்துப் பார்த்தேனே தவிர, அது நினைவுக்கே வரவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வண்டியை நிறுத்துங்ண்ணா. தப்பு என்னுது" என்றேன். என் குரல் அவருக்குக் கேட்டது. என் குரலுக்கு அவர் நெஞ்சு துள்ள வேண்டிய தேவை இல்லையே.

ஓரம் கட்டச் சொல்லி, பெட்டியை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வலியில் கத்தும்போதெல்லாம் அவர் நாடி துள்ளியதையும், பெட்டி முதலில் அலறலை அழித்து, பிறகு முனகலை, பிறகு அந்தக் குரலையே அழித்ததையும் சொன்னேன். அண்ணன் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அக்காவைத்தான் பார்த்தார்.

"நீ பேசிட்டா இருந்தே?"

"மூணு வாரமா" என்றார் அக்கா. "நான் உங்களை என்னென்னவோ நெனச்சுட்டேன் மாமா. எங்க அண்ணன் கூடப் போயிடலாம்னு இருந்தேன்."

பெட்டி அணைந்தே இருந்தது. எட்டரைக்குச் சிகிச்சை நேரம். தவறினால் அன்றைய முறை போய்விடும். வண்டி கிளம்பியது. பழைய வண்டியின் கடகடப்பு முழுவதும் கேட்டது. சின்னப் பள்ளம் ஒன்று. அக்கா பல்லைக் கடித்தும் முனகல் வெளியே வந்துவிட்டது. நாடிமானியில் தொண்ணூற்றாறு, நூற்றுநாலு, நூற்றுப்பதினெட்டு. வண்டி தானாக ஓரம் போய் நின்றது. தண்ணீர் குடித்து, பச்சை விளக்கு வந்து, மறுபடி கிளம்பினோம். மறுபடி நின்றது. ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று முறை.

அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இவ சத்தம் கேட்டா என்னால ஓட்ட முடியல. கேக்காம ஓட்டினா இவ என்ற கூட இருக்கமாட்டா. நான் என்ன பண்ணட்டும் அம்மிணி?"

"பெட்டியப் போட்டு விட்டுடும்மா" என்றார் அக்கா என்னிடம். "நான் தட்டிக்கறேன்."

எனக்குத் தாங்கவில்லை. அண்ணனை இறக்கிப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பெட்டியைப் போடவில்லை. பின்னால் அக்கா அவர் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு, மூன்று வாரத்து வலியையும் சொல்லிச் சொல்லி அழுதார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலறினார். அண்ணனும் அழுதார். எனக்கும் நெஞ்சு துள்ளும், வண்டி நின்றுவிடும் என்று பயந்துகொண்டேதான் ஓட்டினேன்.

நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நாடிமானியில் எழுபத்தெட்டு இருந்தது.

அண்ணன் முன்னால் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். "உனக்கு ஏறவே இல்லியே அம்மிணி" என்றார். குற்றம் சொல்லவில்லை, பசித்தவன் அடுத்தவன் சோற்றைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "மிச்சம் ஏழு நாளும் நீயே வந்து ஓட்டித் தர்றியா?"

"வர்றனுங்ண்ணா" என்றேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.